தைல டப்பா மூடியில் ஒரு லென்ஸ்

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நீண்ட ஆலோசனைக்குப் பின், ஷாம்பு மூடியை நிராகரித்துத் தைல டப்பா மூடியைத் தேர்ந்தெடுத்துவிட்டேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

லென்ஸ் இல்லாமல் மலிவாகக் கிடைத்த கேமராவுக்கு நானே லென்ஸ் செய்தேன். மூடியில் துளையிட்டு ஒரு பூதக்கண்ணாடியை ஒட்டினால் போதும். படம் பனிமூட்டத்தில் எடுத்ததுபோல் மென்மையாக வரும். அதில் நான் இளைத்திருப்பது உங்கள் கண்ணுக்குத் தெரியாது.

மேசை இழுப்பறையில் கிடந்த அந்தப் பூதக்கண்ணாடி யாருக்கும் வேண்டாததென்று நானே தீர்மானித்துக்கொண்டேன். அது என்னோடு அறையில் தங்கியிருக்கும் கடிகாரம் பழுதுபார்க்கும் அண்ணனுடையது. கைக்கடிகாரத்தின் சின்னச் சக்கரங்களைப் பார்க்கக் கண்ணில் இடுக்கிக்கொள்வாராம். நான் தடவிய பசையின் ஆவி பட்டு அது வெளுத்துப்போய்விட்டது.

“ஏன்டா, என் கண்ணப் புடுங்கியா உன் மூஞ்சியப் படம் புடிச்சே?” என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கொஞ்ச நேரம் கழித்து, “சரி, படமாவது நல்லா வந்துச்சா?” என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்தப் படத்தை அனுப்பவில்லை. கண்ணாடி துடைக்க, உங்கள் பழைய சேலையில் ஒரு துண்டு கிழித்து அனுப்புங்கள். துவைக்காவிட்டாலும் பரவாயில்லை.

வேலைக்கு நேரமாகிவிட்டது. கவலைப்பட ஒன்றுமில்லை என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.

உங்கள் மகன்

பி.கு. அண்ணன் இப்போது சுவர்க் கடிகாரங்களை மட்டும் பழுதுபார்க்கிறார்.