முட்டை அட்டையும் ரஜாயும்

அன்புள்ள அத்தைக்கு, வணக்கம். உங்கள் முட்டிவலி தேவலையா? பாப்பாவுக்குச் சளி விட்டதா? நான் நன்றாக இருக்கிறேன்.

என் குரல் தெருமுனை வரை கேட்கிறது என்பீர்களே, அதே குரலில் பாடப்புத்தகம் வாசிக்க ஒரு வேலை வந்திருக்கிறது. மாதிரிப் பதிவு பிடித்துவிட்டால் வீட்டிலிருந்தே வேலை. பாப்பாவை உங்களிடம் விட்டுவைக்காமல் என்னோடு வைத்துக்கொள்ளலாம்.

எதிரொலி போகட்டும் என்று சின்ன அறைச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி, பதிவையும் போட்டோவையும் அனுப்பினேன். ஒலிப்பதிவாளர் போனிலேயே சிரித்துவிட்டார்.

"என்னம்மா, கோழிப்பண்ணையா வைக்கப் போறீங்க? அட்டை சத்தத்தை உறிஞ்சாது. கனமான துணியா மாட்டிட்டு மறுபடி பேசி அனுப்புங்க. இப்போ ஆளில்லாத வீடு மாதிரி கேக்குது."

ஆளில்லாத வீடுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். "சரி சார்" என்று வைத்துவிட்டேன்.

இருந்த கம்பளிகளை மாட்டிவிட்டேன். ஒரு மூலைதான் பாக்கி. பாப்பா போர்த்திக்கொள்ளும் ரஜாயை அனுப்புகிறீர்களா? அவளுக்குப் புதிது வாங்கி அனுப்புகிறேன். துவைக்க மட்டும் வேண்டாம், அத்தை. துவைத்தால் பஞ்சு கட்டிக்கொள்ளும், சத்தத்தை உறிஞ்சாது. அதற்குத்தான், வேறொன்றுமில்லை.

தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது, படுக்கப் போகிறேன்.

உங்கள் மருமகள்