ஸ்டெஃபஸ் பேக்கரிக்குக் கிடைத்த நாற்பது நிமிடங்கள்

அனுப்புநர்
மெர்ல் குபியாக்,
உரிமையாளர், குபியாக் பேக்கரி,
மில் தெரு, கெஸ்லர் ஃபால்ஸ், விஸ்கான்சின்.

பெறுநர்
பகுதி இயக்குநர் அவர்கள்,
பணியிடப் பாதுகாப்பு அலுவலகம்.

பொருள்: மாவு பிசையும் இயந்திரம் பற்றிய விதிமீறல் அறிவிப்பு – எதிர்க்கடைக்காரருக்கு அளித்த சந்திப்பை எனக்கும் நாளைக்குள் அளிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஜனவரியில் தங்கள் ஆய்வாளர் ஒரே காலையில் இரண்டு பேக்கரிகளுக்கு வந்தார். ஒன்று என்னுடையது, மற்றது எதிரே உள்ள கோர்டி ஸ்டெஃபஸுடையது. இரண்டிலும் ஒரே குற்றம்: இயந்திரத்தின் மேல் இருக்க வேண்டிய கம்பிக் கூண்டு இல்லை. பிப்ரவரி முதல் தேதி இருவருக்கும் ஒரே மாதிரி அறிவிப்பு வந்தது. அதை மறுப்பதானாலும், தங்களைச் சந்தித்துப் பேசுவதானாலும் பதினைந்து வேலை நாட்களுக்குள் செய்ய வேண்டும். நாளை பதினைந்தாவது நாள்.

2. கோர்டி முதல் வாரத்திலேயே தன் ஆட்களையும் அழைத்துக்கொண்டு தங்களிடம் வந்தார். நாற்பது நிமிடங்கள் பேசினீர்களாம். அபராதத்தைக் குறைத்தீர்கள். கூண்டுக்கு அருகே அவர் பல்லைக் காட்டி நிற்கும் படம் உள்ளூர்ப் பத்திரிகையில் வந்தது. எனக்கு இதில் பொறாமை ஏதும் இல்லை. அந்தக் கூண்டு என் கூண்டைவிடச் சிறியது என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

3. அறிவிப்பை விதிமீறல் நடந்த இடத்திலேயே ஒட்ட வேண்டும். கோர்டி ஒட்டினார். என் இயந்திரமோ வாடிக்கையாளர் கண்ணில் படும் இடத்தில் இருக்கிறது. ஆகவே கிடங்கில், சர்க்கரை மூட்டைகளுக்குப் பின்னால் ஒட்டினேன். இது தவறு.

4. அதைக் கண்டுபிடித்தவர் வெர்னா ஸஸ்ட்ரோ. இருபத்திரண்டு ஆண்டுகளாக என் கடையில் மாவு பிசைபவர். தவக்காலத்துக்கு முந்திய செவ்வாயன்று ஊரே பொன்ச்கி என்ற, ஜாம் வைத்துப் பொரித்த இனிப்பு பன் வாங்க வரும். அந்த அவசரத்தில், ஓடும் இயந்திரத்திலிருந்தே மாவைக் கையால் வழிப்பது எங்கள் பழக்கம். அதற்காகக் கூண்டைப் போன வருடம் கழற்றியவன் நான்தான். டிசம்பரில் வெர்னாவின் சட்டைக்கை அதில் சிக்கிக் கிழிந்தது. கை தப்பியது.

5. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எதிர்க்கடையில மெஷின் பக்கத்துலயே ஒட்டியிருக்காங்க மெர்ல். நீ சர்க்கரை மூட்டைக்குப் பின்னாடி ஒட்டியிருக்க. என் கை என்ன, மூட்டைக்குள்ளயா போவுது?" வரும் திங்கள் முதல் கோர்டியிடம் வேலைக்குச் சேர்வதாகவும் சொல்லிவிட்டார்.

6. நேற்று பொன்ச்கி வாங்க வந்தவர்களின் வரிசை கோர்டி கடையிலிருந்து நீண்டு என் வாசலையே மறைத்தது. அவர் அங்கிருந்தே, "என்னப்பா மெர்ல், மூட்டைக்குப் பின்னாடி ஒட்டின நோட்டீஸை இன்னும் தேடிக்கிட்டு இருக்கியா?" என்று கத்தினார். வரிசையே சிரித்தது. வயிறு எரிந்தது ஐயா. மேலே பொறாமை இல்லை என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

7. அந்த எரிச்சலில் அறிவிப்பை மறுத்து மூன்று பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தால் மூன்று பக்கமும் கோர்டியைப் பற்றியே இருந்தது. வெர்னாவின் கையைப் பற்றி ஒரு வரி இல்லை. கிழித்துப் போட்டேன்.

8. இன்று காலை கூண்டு பொருத்தியாயிற்று. திறந்தால் இயந்திரம் நின்றுவிடும். அறிவிப்பு இப்போது இயந்திரத்துக்கு அருகிலேயே இருக்கிறது. வெர்னா கூண்டை நான்கு முறை திறந்து மூடிப் பார்த்தார். "அந்த ஆபீசருகிட்ட என்னையும் கூட்டிட்டுப் போ. சட்டை கிழிஞ்ச கதையை அவரு முன்னாடி உன் வாயால சொல்லு. அப்புறம் திங்கக்கிழமையைப் பத்திப் பேசலாம்" என்றார்.

எனவே நான் அறிவிப்பை மறுக்கவில்லை. அபராதக் குறைப்பும் கேட்கவில்லை. நாளை எந்த நேரமானாலும் எங்கள் இருவரையும் சந்திக்க அனுமதி தருமாறு பணிந்து வேண்டுகிறேன். கோர்டிக்குக் கிடைத்த பாராட்டும் பத்திரிகைப் படமும் எனக்கும் வேண்டும். இல்லை என்றால் பொய். ஆனால் அவை பிறகு வந்தாலும் போதும். வெர்னா திங்கட்கிழமைக்குள் வேண்டும்.

இடம்: கெஸ்லர் ஃபால்ஸ்
நாள்: 22.02.2023, சாம்பல் புதன்

தங்கள் பதிலுக்குக் கடையிலேயே காத்திருக்கும்,
(ஒப்பம்) மெர்ல் குபியாக்