யாருக்கு நார்மல், மாப்ளே?

என் அன்பு மாப்ளே தனபால்,

நீ போய்ச் சேர்ந்து ஏழு மாசம் ஆகிறது. ஏதாவது நல்ல சேதி வரட்டும், அதோடு எழுதலாம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். இன்றைக்கு வயிறு எரிகிறது, எழுதுகிறேன்.

ஸ்ரீரங்கத்து ஆஸ்பத்திரிக்கு நீ செய்துகொடுத்த சாஃப்ட்வேர் ஞாபகம் இருக்கிறதா? அங்கே போன் எடுத்து, டாக்டரைப் பார்க்க நேரம் குறித்துக் கொடுக்கும் வசந்திக்கும் நம்மைப் போலவே பார்வை கிடையாது. திரையில் இருப்பதை ஸ்கிரீன் ரீடர் வாசிக்க, அதைக் கேட்டுக்கொண்டே கீபோர்டில் வேலை பார்ப்பார். திரை தானாக மாறக் கூடாது, ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு ஷார்ட்கட் வேண்டும். அதையெல்லாம் அவர் பெயரில் தனி ஃபைலில் சேமித்து வைத்தாய்.

"ஹவுஸ் ஓனர் வெள்ளையடிக்கலாம் மச்சான், குடியிருக்கறவங்க பெட்டியத் தூக்கி வெளிய போடக் கூடாது" என்பாய். சாஃப்ட்வேரின் செட்டிங்ஸ் ஒரு இடம், அதைப் பயன்படுத்துகிறவரின் செட்டிங்ஸ் இன்னொரு இடம். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

நம் ஆபீஸுக்கு வந்த புது டீம் லீடர் இரண்டையும் ஒரே ஃபைலில் போட்டார். பராமரிக்கச் சுலபமாம். திங்கட்கிழமை அப்டேட் போனது. புது ஃபைல் பழையதன் மேல் ஏறிக்கொண்டது, வசந்தியுடையது மொத்தமும் போச்சு. ஷார்ட்கட் ஒன்றும் வேலை செய்யவில்லை. திரை சும்மா சும்மா மாற, ஸ்கிரீன் ரீடர் ஒவ்வொரு தடவையும் முதல் வரிக்கே ஓடியிருக்கிறது. முசிறியிலிருந்து கூப்பிட்ட ஒரு அம்மா, காத்திருந்து காத்திருந்து திட்டிவிட்டு வைத்துவிட்டாராம். மதியமே வசந்தியை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு வேறு ஒரு பெண்ணை உட்கார வைத்தார்கள். இப்போது பின்னறையில் மருந்துக் கவர் ஒட்டுகிறார்.

நம் மேனேஜரிடம் போய்க் கத்தினேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "எதுவும் கெட்டுப் போகலைங்க சுப்பிரமணி, எல்லாம் நார்மலுக்கு வந்திருக்கு" என்றார்.

யாருக்கு நார்மல்? கண் தெரிகிறவன் வைத்ததுதான் நார்மல், நாம் வைத்துக்கொண்டதெல்லாம் கூடுதல் கேட்பதா? கேட்டேன். ஒருத்தருக்காகத் தனி ஃபைலா என்று என்னையே திருப்பிக் கேட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? இன்னொருவர் சரிபார்த்து ஓகே கொடுத்தால்தான் எந்த மாற்றமும் உள்ளே போகும். இந்த மாற்றம் என்னிடம்தான் வந்தது. வசந்தியின் ஃபைலைத் திறக்கும் வரி நீக்கப்பட்டதை ஸ்கிரீன் ரீடர் தெளிவாக வாசித்தது, என் காதிலும் விழுந்தது. நீ இருந்தவரை இரண்டு பேராகச் சண்டை போட்டோம். இப்போது நான் வாயைத் திறந்தாலே, "மறுபடியும் ஆரம்பிச்சுட்டாரு" என்று முனகுகிறார்கள். அன்றைக்கு ஒரு நாள் அதைக் கேட்கத் தெம்பில்லாமல் ஓகே தட்டிவிட்டேன். ஏன்டா என்னைத் தனியா விட்டுட்டுப் போனே? உன் மேலும்தான் கோபம்.

நேற்று வசந்தி போன் செய்தார். தப்பு யாருடையது என்று கேட்டார். கம்ப்யூட்டர் என்று சொன்னேன் மாப்ளே, கூசாமல் சொன்னேன்.

"அப்ப என் மேல தப்பில்லதானே சார்? அத மட்டும் இங்க வந்து சொல்லிடுறீங்களா?"

சண்டை போட்டு ஓகே வாங்கி, தனி ஃபைலைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். அழிந்தது அழிந்ததுதான், அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டு வைக்க வேண்டும். நாளைக் காலை பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போகிறேன். அந்த நாற்காலியில் அவரைத் திரும்ப உட்கார வைக்காமல் கிளம்ப மாட்டேன், இது உனக்குக் கொடுக்கிற வாக்கு. ஆனால் முதலில் பின்னறைக்குப் போய், கம்ப்யூட்டர் இல்லைங்க, நான்தான் என்று வசந்தியிடம் சொல்வேன்.

எடமலைப்பட்டி புதூரிலிருந்து,
உன் மச்சான்
சுப்பிரமணி