டிரில்லர் சாகட்டும் என்று எழுதிய வாரம்

மார்ச் 8, சனி

காலையிலேயே வெயில். மாசி இன்னும் முடியவில்லை, மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை. வடகம் பிழிந்து காயப்போட்டாயிற்று. காக்காய்க்குக் காவல் அத்தை. மருமகளைக் காவல் காப்பதைவிடச் சுலபம் என்கிறார்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வாங்க: துவரம்பருப்பு, வெல்லம், அவருக்குப் பனியன் (மத்தியப் பிரதேச வெயிலுக்கு எத்தனை எடுத்தாலும் பற்றாது).

நேற்று சாயங்காலம் அவர் போனில். "காட்டுக்குள்ள போறோம் புள்ள, ரெண்டு மூணு நாளைக்கு டவர் இருக்காது." சரி என்றேன். ஊர் ஊராகப் போர்க்கிணறு போடும் ரிக் வண்டிக்காரர் பெண்டாட்டிக்கு இது புதிதா.

இந்த வாரத் தொடர்கள். தெரசா அக்காவின் 'பேய் பார்ட்டி' வாட்ஸ்அப் குழுவில் நான் போட்ட தீர்ப்பு:

பச்சை நாகம், மூன்றாம் பாகம். திரும்பி வந்திருக்கவே வேண்டாம். பாம்புக்கே சலித்துவிட்டது. இரண்டு மார்க்.

வெள்ளிக்கிழமை வீடு, புதுசு. பேய் நன்றாக நடிக்கிறது. மனிதர்கள்தான் சொதப்பல். ஐந்து.

ஆயிரம் அடிக்குக் கீழே, புதுசு. நம்ம ஊர்க் கதை. போர் போடப் போன ரிக் வண்டி, பாறைக்கு அடியில் அடைத்து வைத்திருந்த எதையோ கிளப்பிவிடுகிறது. முதலில் பயந்து போர்வைக்குள் உட்கார்ந்து பார்த்தேன். இப்போது ஜவ்வு. எல்லாம் அந்த டிரில்லரால். துளை இறக்குகிற இயந்திரத்தை ஓட்டுபவன்தான் டிரில்லர், என் வீட்டுக்காரருக்கும் அதே வேலை. ஒரு கையில் லிவர், மறு கையில் போன், காதலியோடு கொஞ்சல். இப்படி ஒரு டிரில்லரை நான் கண்டதில்லை. பாறை மூன்று தடவை இழுத்தும் தப்பிவிட்டான். நான்கு மார்க்.

'அடுத்து என்ன நடக்க வேண்டும்?' என்று சேனல் ஆப்பில் கேட்டிருந்தார்கள். தட்டிவிட்டேன்: "டிரில்லர் செத்தால்தான் கதைக்கு உயிர் வரும்." பேர், ஊர் எல்லாம் கேட்டது. கொடுத்தேன். எழுதியது எனக்கே பிடித்திருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

வெயில். அனல்.

சாயங்காலம் டிவியில் நேயர் கருத்து வாசிக்கிற நிகழ்ச்சி. அத்தை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே பார்த்தார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "நாமக்கல் மாவட்டத்திலிருந்து பூங்கொடி எழுதியிருக்காங்க" என்று என் வரியை அப்படியே படித்தாள். ஸ்டுடியோவில் கைதட்டல். நானும் கைதட்டியிருப்பேன். அத்தையின் கை நின்றுவிட்டது.

"யாரு சாமி அது? உன்ர பேரச் சொல்றாங்க?"

"நாந்தானுங்க அத்தை."

"டிரில்லரு சாகோணும்னு எழுதுனயா?"

"அது கதைங்க அத்தை."

"உன்ர ஊட்டுக்காரன் என்ன வாத்தியாரா? ரிக்குக்குப் போனவன் பொண்டாட்டி வாயில வர்ற பேச்சா இது? அச்சானியம் புடிச்சவளே."

கீரையை அப்படியே போட்டுவிட்டுப் போய் விளக்கேற்றினார்.

வண்டி வெளியூரில் இருக்கும் வரைக்கும் இந்த வீட்டில் சில வார்த்தைகள் கிடையாது. அரிசி தீர்ந்தது என்று சொல்லக்கூடாது, நிறைந்தது. விளக்கை அணை கிடையாது, குளிரவை. சாவு என்ற சொல்லே வாசல்படி ஏறாது. ரிக்குக்கு ஆள் அனுப்புகிற எல்லா வீட்டிலும் அப்படித்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மனசுக்குள் சிரித்துக்கொண்டே கடைப்பிடித்து வந்தேன். இன்று சிரிப்பு வரவில்லை. ஊரே கேட்கும்படியல்லவா சொல்லியிருக்கிறேன்.

அவருக்குப் போன். தொடர்பு எல்லைக்கு வெளியே.

மார்ச் 11, செவ்வாய்

மணி அடிக்கிறது! டவர் வந்துவிட்டது. காலையில் அடித்தேன், மதியம் அடித்தேன், கேஸ்காரர் வந்துபோன பிறகு அடித்தேன். எடுக்கவில்லை.

டவர் இல்லாதபோதே தேவலை. இப்போது போன் இருக்கிறது, ஆள் எங்கே?

ரிக் மேனேஜரிடம் கேட்டேன். கொஞ்சம் இழுத்தார். "அது வந்துங்க... அப்பறமா கூப்பிடச் சொல்றேனுங்க." வைத்துவிட்டார். நேற்று ஆயிரம் அடிக்குக் கீழே தொடரில் மேனேஜர் டிரில்லரின் அம்மாவிடம் இதையேதான் இழுத்தான். குழுவில் நான்தான் எழுதினேன்: 'மேனேஜர் இழுத்தாலே எதையோ மறைக்கிறான், அரதப் பழசு.'

சோறு இறங்கவில்லை. அத்தையும் சாப்பிடவில்லை. ஒருவரையொருவர் பார்க்காமல் இரண்டு தட்டையும் கழுவினோம்.

மார்ச் 12, புதன்

கருத்தைத் திரும்ப எடுக்கப் பார்த்தேன். ஆப்பில் அதற்கு வழியில்லை. புதிதாக, "டிரில்லர் பிழைக்கட்டும்" என்று அடித்தேன். ஒரு வாரத்துக்கு ஒரு கருத்துதானாம், அடுத்த வாரம் வரச் சொல்கிறது. சேனல் நம்பருக்கு அடித்தால் பதிவு செய்த குரல், நன்றி நன்றி என்று.

குழு முழுக்க என் புகழ். சாகணும், சாகட்டும், பூங்கொடி அக்கா சொன்னா செத்துத்தான் ஆகணும். அதற்கு மேல் படிக்கவில்லை, போனைக் கவிழ்த்து வைத்தேன்.

தெரசா அக்காவிடம் மட்டும் அழுதேன். அஸ்தம்பட்டியில் பல் ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் இருக்கிறார், நோயாளிகளை உட்காரவைத்துவிட்டுப் பேசினார்.

"நெருப்புன்னா வாய் வெந்துருமா பூங்கொடி? அந்தக் காட்சியெல்லாம் எப்பவோ எடுத்து முடிச்சிருப்பாங்க. நீ எழுதினாலும் எழுதலைனாலும் அவன் சாவான்."

"யாருக்கா சாவான்?"

"ஐயோ, சீரியல்ல சொன்னேன்டி." அப்புறம், "மாதாகிட்ட ஒரு மெழுகுவத்தி ஏத்தறேன்" என்றார். அதைக் கேட்டதும் பயம் கூடிவிட்டது. ஒன்றுமில்லை என்றால் மெழுகுவத்தி எதற்கு?

மார்ச் 14, வெள்ளி

குலசாமி கோயில். அத்தைதான் கூட்டிப் போனார். "சொன்ன வாயே எடுக்கோணும். சாமி முன்னால நின்னு சொல்லிப்போட்டுக் கவுளி கேளு." கவுளி என்றால் பல்லி. வலப்பக்கம் அது சத்தம் கொடுத்தால் சாமி உத்தரவு. இந்தப் பக்கத்தில் கல்யாணம், நிலம் வாங்குவது, வண்டி எடுப்பது எல்லாம் அதைக் கேட்டுத்தான்.

சொன்னேன். தாயே, நான் சொன்னது பொய், அவர் நல்லபடியாக வரவேண்டும். அப்புறம் இருவரும் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தோம். மின்விசிறி சத்தம். ஒரு ஈ. வலமும் இல்லை, இடமும் இல்லை.

பூசாரி பாவம் பார்த்தார். "வெயிலு சாஸ்திங்க. கவுளியெல்லாம் ஓட்டுச் சந்துல படுத்திருக்குமுங்க." அத்தை தலையாட்டினார். பஸ்ஸில் வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். திட்டியிருக்கலாம். பிடித்ததுதான் பயமாக இருந்தது.

சாயங்காலம் பார்க்கக்கூடாது என்றுதான் இருந்தேன். போட்டது அத்தை.

டிரில்லர் செத்தான். பாறை கால் பக்கமிருந்து இழுத்தது. கத்தவில்லை, லிவரைப் பிடித்தபடியே போனான். ஒரு செருப்பு மட்டும் வெளியே. நேர்மையாகச் சொன்னால் இந்தத் தொடரிலேயே நல்ல காட்சி இதுதான். பாத்ரூமுக்கு ஓடி வாந்தி எடுத்தேன்.

குழுவில் பட்டாசு. வெளியேறிவிட்டேன்.

மார்ச் 15, சனி

காற்றே இல்லை. திருச்செங்கோட்டில் ரிக் ஓனர் ஆபீசுக்கு நேரில் போவது என்று முடிவு. நல்லதோ கெட்டதோ முகத்துக்கு நேரே சொல்லட்டும். புடவை மாற்றி, செருப்பு மாட்டி, வாசலில் இறங்கும்போது போன். அவர் பேர்.

எடுக்கப் பயம். வேறு யாராவது அவர் போனிலிருந்து பேசினால்? அத்தைதான் பச்சை பட்டனை அழுத்தி என் காதில் வைத்தார்.

"நல்லாத்தான் இருக்கறேன் புள்ள."

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். அத்தையிடம் ஜாடை காட்டினேன், அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்.

"டவர் இருந்துச்சுதானுங்க?"

"இருந்துச்சு. நாந்தான் எடுக்கல."

"ஏனுங்க?"

பின்னால் யாரோ இந்தியில் பேசும் சத்தம்.

"திங்கக்கெழம காட்ட உட்டு வெளிய வந்ததும் பசங்க அந்த ஞாயித்துக்கெழம புரோகிராமப் போட்டாங்க. கேம்புல எல்லாருந்தான் அந்தச் சீரியலப் பாக்கறோம். உன்ர பேரச் சொன்னாங்க. நீ எழுதுனதப் படிச்சாங்க."

"அது கதைங்க. சும்மா எழுதுனது."

"தெரியுது. கீழ நிக்கறப்பத் தெரியுது. வண்டி மேல ஏறுனா தெரிய மாட்டேங்குது. லிவரப் புடிக்க முடியல புள்ள. காச்சல்னு சொல்லிப் படுத்துட்டேன், ஊட்டுக்குச் சொல்ல வேண்டாம்னு மேனேஜருகிட்ட நாந்தான் சொன்னேன். உன்ர கொரலக் கேக்கவே பயமா இருந்துச்சு."

ஒரு தடவை பாறை சரிந்தபோது, கூட வேலை செய்தவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிய மனுஷன். அவர் பயந்து ஒரு நாளும் பார்த்ததில்லை. என் குரலுக்கா பயந்தார்?

"நேத்து அவன் போனதக் காட்டுனாங்க" என்றார்.

"பாத்தனுங்க."

"ஓனரு திட்றாரு. இன்னிக்கு ஏறித்தான் ஆகோணும். நீ சொல்லு. எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு உன்ர வாயால சொல்லு."

சொன்னேன். "உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுங்க."

அந்தப் பக்கம் ரிக்கின் கம்ப்ரசர் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டார்கள். அந்த இரைச்சலில் யாரோ அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் போனை வைக்கவில்லை.

"இன்னொருக்கா சொல்லு" என்றார்.