ஆம் என்று எழுதினேன்

பிப்ரவரி 5, 2024, திங்கள்

மருத்துவக் குழுவின் முடிவு வந்துவிட்டது. வலது தோள் இனிப் பழையபடி ஆகாது. துப்பாக்கி ஏந்தும் பணி கூடாது என்று எழுதி மூன்று டாக்டர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். கையை மேலே தூக்கச் சொன்னார்கள். காது வரைக்கும்தான் போனது. அதற்கு மேல் முயன்றபோது என் முகம் எப்படி ஆனதோ, நடுவில் இருந்தவர் "போதும்மா" என்றார்.

பதினைந்து வருடப் போலீஸ் வேலையில் ஒன்பது வருடம் பாதுகாப்புப் பிரிவு. கடைசி நான்கு வருடம் ஒரு பெண் நீதிபதிக்கு மெய்க்காவல். அவர் நடந்தால் நான் இரண்டு எட்டு பின்னால், இடது பக்கம். நவம்பரில் ஒரு விழாவில் கம்பித் தடுப்பு சரிந்தபோது அவரைத் தள்ளிவிட்டேன். தடுப்பு என் தோளில் இறங்கியது. இரண்டு முறை ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தார். இப்போது அவருக்குப் பின்னால் வேறொரு பெண் நிற்கிறாள். நிற்கத்தானே வேண்டும்.

இனித் துப்பாக்கி கிடையாதா என்று மகள் தாரிணி தெலுங்கில் கேட்டாள். கிடையாது என்றேன். நல்லது என்று சொல்லிவிட்டு வீட்டுப்பாடத்துக்குப் போய்விட்டாள்.

பிப்ரவரி 8

இன்று இன்ஸ்பெக்டர் இர்பான் சார் கூப்பிட்டு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டார். வெளியே இருப்பவர்களுக்குத் தெரிவது எங்களைப் போலக் கூட நடக்கிறவர்கள் மட்டும்தான். முக்கியமானவர் வருவதற்கு முன்பே மண்டபத்துக்குப் போய் நாற்காலி நாற்காலியாகக் குனிந்து பார்க்கிற முன்சோதனைக் குழு இருக்கிறது. என் தோளுக்கு அது ஆகாது. நாய்ப் பிரிவில் சங்கிலியைப் பிடித்து நிறுத்த முடியாது. வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தனிப் பயிற்சி. மிச்சம் இரண்டு. கண்ட்ரோல் ரூம், இல்லையென்றால் மறுஆய்வு மேசை. யாருக்குக் காவல் வேண்டும், யாருக்கு இனி வேண்டாம் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரில் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுகிற மேசை. சாருடைய மேசை அது.

"கைக்குப் போய் மூஞ்சிய ஏன் இப்படி வெச்சிருக்கே? உன் கண்ணு நல்லாத்தானே இருக்கு" என்றார்.

சரி என்றேன்.

பிப்ரவரி 26

மேசையில் முதல் நாள். பட்டியலில் இருபத்து மூன்று பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம். நேற்று வரை நான் அந்தப் படிவத்துக்கு வெளியே, வாசலில் நின்றவள்.

இந்த நோட்டைத் தமிழில் எழுதுவது நல்லதாகப் போயிற்று. இந்தத் தெலுங்கு ஊரில், ஆபீசில் யாருக்கும் படிக்க வராது. வீட்டிலும் கணவர் பாலாவைத் தவிர யாருக்கும் வராது, அவர் தொட மாட்டார்.

மார்ச் 12, செவ்வாய்

குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனி. மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. சுமதி, முப்பத்து நான்கு வயது, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மாலை ஷிப்ட். ஊர் திருமங்கலம் பக்கம். கணவர் பெங்களூரில், எட்டு வயது மகள் இவளோடு.

போன வருடம் பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தின் காவலாளியை நான்கு பேர் அடித்தே கொன்றார்கள். பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த சுமதி பார்த்தாள். பார்த்ததாகச் சொன்ன மற்ற மூன்று பேரும் பின்வாங்கிவிட்டார்கள். இப்போது வழக்கே இவள் ஒருத்தியின் வாயில் நிற்கிறது. வாசலில் ஷிப்டுக்கு ஒருவராகக் காவல். ஆறு மாதமாக மிரட்டல் இல்லை, காவலை எடுத்துவிடலாம் என்று உள்ளூர் ஸ்டேஷனிலிருந்து குறிப்பு வந்திருக்கிறது. அதைச் சரிபார்க்கத்தான் போனேன்.

வாசலில் நாற்காலி காலியாக இருந்தது.

பக்கத்தில் ரிஜிஸ்டர். காலை எட்டுக்கு வருகைக் கையெழுத்து. மாலை நாலுக்குப் போன கையெழுத்தும் போட்டிருந்தது. என் கடிகாரத்தில் மணி பதினொன்று.

கையெழுத்து மல்லேஷுடையது. என்னோடு பயிற்சி முடித்தவன். தாரிணி பிறந்து நான் விடுப்பில் இருந்தபோது, பாதுகாப்புப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று விண்ணப்பத்தை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தவன்.

தமிழ் கேட்டதும் சுமதிக்கு முகம் மலர்ந்துவிட்டது. காபி போட்டாள். மல்லேஷின் மனைவிக்குக் கிட்னி போய்விட்டதாம். செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். கூட்டிக்கொண்டு போய்விட்டு இரண்டு மணிக்குள் வந்துவிடுவாராம். அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. வேறொன்று சொன்னாள். பைக்கில் ஒருவன் இரண்டு தடவை கீழ்க்கடையில் வந்து, மாடியில் இருக்கிற லேப் மேடம் எத்தனை மணிக்கு வெளியே போவார் என்று கேட்டானாம்.

பயமாக இல்லையா என்று கேட்டேன். "செத்துப்போன அந்த வாட்ச்மேன் தெனமும் எம்மவளுக்கு எங்க கேட்டைத் தெறந்து விடுவாருக்கா. அவரு சத்தம் போட்டது எனக்கு இன்னும் கேட்டுக்கிட்டே இருக்கு" என்றாள்.

காலி நாற்காலியைக் கடந்து இறங்கி வந்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 13

மல்லேஷுக்குப் போன் செய்தேன். மறைக்கவில்லை. மனைவியால் தனியாக ஆட்டோவில் ஏறி இறங்க முடியாது. ஷிப்ட் மாற்றிக் கேட்டு இரண்டு முறை வாயால் சொன்னானாம், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "நீ என்ன எழுதணுமோ எழுது ரஞ்சனா" என்றான். கெஞ்சவே இல்லை. கெஞ்சியிருந்தால் எழுதியிருப்பேனோ?

பைக் ஆளைப் பற்றி முழுதாக எழுதினேன். மிரட்டல் இருக்கிறது, காவல் தொடர வேண்டும் என்று அழுத்தி எழுதினேன். படிவத்தில் ஒன்பதாவது கட்டம் — நேரில் சென்றபோது காவலர் பணியில் இருந்தாரா?

ஆம்.

மார்ச் 15

அறிக்கையை ஏற்றுக்கொண்டார்கள். சுமதிக்குக் காவல் தொடரும். நல்லதுதானே செய்தேன்?

ஏப்ரல் 18, வியாழன்

சுமதியைப் படியிலிருந்து தள்ளிவிட்டார்கள். காலை பதினொன்றரை. கேஸ் சிலிண்டர்காரன் கூப்பிடுகிறான் என்று கதவைத் திறந்து இரண்டு படி இறங்கியிருக்கிறாள். இரண்டு பேர். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது, தலையில் ஆறு தையல். கோர்ட்டுக்குப் போனால் அடுத்து உன் மகள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

வியாழக்கிழமை. எனக்குத் தெரியும் வியாழக்கிழமைன்னு. தெரிஞ்சுதானே இருந்தேன். எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 19

ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகாமல் இருக்க ஆயிரம் காரணம் தேடினேன், ஒன்றும் நிற்கவில்லை.

கட்டுப் போட்ட கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். மகளைச் சுமதியின் அம்மா திருமங்கலத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாராம். நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

பிறகு கேட்டாள்: "அந்த நாற்காலி காலியா இருந்ததை நீங்க பாத்தீங்கள்ல மேடம்?"

"பார்த்தேன்."

"நீங்க பாத்துட்டு ஒண்ணும் சொல்லாமப் போனீங்க. அப்ப அது சரிதான் போலன்னு நெனச்சுட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. ஏதோ கணக்குத் தப்பியதைத் திரும்பப் போட்டுப் பார்க்கிறவள் மாதிரி சொன்னாள். இனிச் சாட்சி சொல்ல மாட்டேன் என்றும் சொன்னாள்.

ஏப்ரல் 20

இன்று சமையலில் இரண்டு வேளையும் உப்பில்லை என்று பாலா சொல்லித்தான் தெரிந்தது. எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே என் சாப்பாட்டுத் தட்டையும் கழுவி வைத்தார்.

ஏப்ரல் 23

விசாரணை தொடங்கிவிட்டது. எந்தப் பக்கம் போகிறது என்று இர்பான் சார் சொன்னார். அந்த ஒருநாள் மட்டும் அவசரமாக வெளியே போனதாக மல்லேஷ் சொல்லியிருக்கிறான். அவனுக்கு எச்சரிக்கையோடு போய்விடும். சாட்சி காவலரிடம் சொல்லாமல் கதவைத் திறந்து வெளியே வந்தார், ஒத்துழைக்கவில்லை என்று முடிக்கப் போகிறார்கள். ஒத்துழைக்காதவருக்குக் காவலை எடுத்துவிடலாம், விதி இருக்கிறது.

அதாவது எல்லாம் சுமதியின் தப்பு.

நாளை நான் சாட்சி. ஒன்பதாவது கட்டத்தைப் பற்றிச் சொல்லப் போகிறேன் என்று சாரிடம் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நக்கோ ரஞ்சனா, வேண்டாம். உன்னை யாரும் அதைக் கேக்கலை. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. ஆறு மாசத்துல நீ ஏ.எஸ்.ஐ."

என் நல்லதுக்குத்தான் சொல்கிறார். அதில் சந்தேகமில்லை.

ஏப்ரல் 24, புதன்

சொன்னேன்.

மார்ச் 12 காலை பதினொரு மணிக்கு நாற்காலி காலியாக இருந்தது. நாலு மணிக் கையெழுத்து அப்போதே போட்டிருந்தது. வாரத்தில் மூன்று நாள் இப்படி நடப்பது எனக்குத் தெரியும். தெரிந்தே 'ஆம்' என்று எழுதினேன். விசாரணை அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, யோசித்துத்தான் சொல்கிறீர்களா என்று கேட்டார். யோசித்துத்தான் என்றேன்.

வெளியே வராந்தாவில் மல்லேஷ் உட்கார்ந்திருந்தான். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்திருக்க வேண்டும். எழுந்து தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்தபின்தான் உறைத்தது. மார்ச்சிலேயே அவனுக்கு ஷிப்ட் மாற்றிக் கொடுங்கள் என்று எழுத்தில் ஒரு பக்கம் எழுதியிருக்கலாம். என் மேசைக்கு அந்த அதிகாரம் இருந்தது. அவனுக்கும் நல்லது, அவளுக்கும் நல்லது. எனக்கு அது தோன்றவே இல்லை. காட்டிக்கொடுப்பதா மறைப்பதா என்று இரண்டு வழிதான் கண்ணில் பட்டது.

மே 9

உத்தரவு வந்தது. மல்லேஷ் சஸ்பென்ஷன். எனக்குப் பதவி உயர்வு இரண்டு வருடம் நிறுத்தம், மேசையிலிருந்து விலக்கிக் கண்ட்ரோல் ரூமுக்கு மாற்றம். சுமதிக்குக் காவல் இரட்டிப்பு, ஷிப்டுக்கு இரண்டு பேர்.

விசாரணை அறிக்கையின் ஒரு பிரதி சட்டப்படி அவளுக்கும் போகுமாம். நான் சொன்னது அதில் இருக்கும்.

ஜூன் 3

கண்ட்ரோல் ரூம். ஜன்னல் கிடையாது, ஏ.சி. குளிர் தோளுக்குள் இறங்குகிறது. நகரம் முழுக்க எங்கள் காவலில் இருக்கிறவர்களிடமிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தகவல் வரவேண்டும். காவலர் கூப்பிட்டு "எல்லாம் ஓகே" என்பார், நாங்கள் ரிஜிஸ்டரில் எழுதுவோம். எங்கிருந்து சொல்கிறார் என்று யாருக்குத் தெரியும்? பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். ஏப்ரல் 18, பத்து மணி, சுமதி வீடு: எல்லாம் ஓகே. டயாலிசிஸ் வார்டிலிருந்து சொல்லியிருப்பான்.

ஜூன் 12

காவலர் கூப்பிடும்போது போனைக் காவலில் இருப்பவரிடமே கொடுக்கச் சொல்ல வேண்டும், அவர் குரலைக் கேட்டபின்தான் எழுத வேண்டும் என்று மனுப் போட்டிருந்தேன். டி.எஸ்.பி. ஒரு மாதம் செய்து பாருங்கள் என்று கையெழுத்திட்டார். உடனே காவலர்களின் முணுமுணுப்பு. பெரிய மனிதர்கள் சிலர் போனை வாங்க மறுக்கிறார்கள். அப்படியானால் மறுத்தார் என்று எழுதுகிறேன்.

ஜூன் 14

மதியம் குகட்பள்ளி அழைப்பு. போனை அவங்ககிட்ட கொடுங்க என்றேன். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. என் குரலைக் கண்டுகொண்டிருப்பாள். கடைசியில் "இருக்கேன்" என்றாள். அவ்வளவுதான். எழுதிக்கொண்டேன்.

ஜூன் 27

என் ஷிப்டில் ஒரு நாளைக்கு நான்கு முறை. "இருக்கேன்."

ஜூலை 14, ஞாயிறு

போவன்பள்ளி மார்க்கெட்டில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் மல்லேஷ் எதிரே வந்தான். இளைத்துவிட்டான். விலகிப் போவான் என்று நினைத்தேன், நின்றான். மனைவி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். அப்படியேதான் என்றான்.

"இப்ப மூணு நாளும் நானே கூட இருக்கேன். நேரம் நிறைய இருக்கு" என்றான் தெலுங்கில். குத்திச் சொன்னானா, சும்மா சொன்னானா, தெரியவில்லை.

அவனுக்காக ஒரு மனு எழுதட்டுமா என்று கேட்டேன். இரவு ஷிப்ட் மட்டும் உள்ள இடமாகப் பார்த்து, ஆஸ்பத்திரிக் காகிதங்களோடு. "இப்ப எழுதறியா" என்றான். பிறகு கூட்டத்தில் போய்விட்டான்.

ராத்திரியே எழுதி முடித்தேன். ஒரு பக்கம்கூட ஆகவில்லை.

ஆகஸ்ட் 6

மல்லேஷின் சஸ்பென்ஷன் நீங்கியது. நாய்ப் பிரிவில் இரவுக் காவல். இர்பான் சார் சொல்லித்தான் தெரிந்தது. அவனாகக் கூப்பிடவில்லை. கூப்பிட மாட்டான்.

ஆகஸ்ட் 12

நாளை கோர்ட்டில் அந்த வழக்கு. முதல் சாட்சி சுமதி. போவாளா என்று யாருக்கும் தெரியாது. சம்மன் வந்திருப்பதால் போய்த்தான் ஆக வேண்டும், ஆனால் கூண்டில் ஏறி 'நான் எதையும் பார்க்கவில்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. மற்ற மூன்று பேரும் முன்பே அதைத்தான் சொல்லிவிட்டார்கள். அவளைக் குறை சொல்ல என்னால் முடியாது. நாலு மணி அழைப்பில் ஏதாவது கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்கவில்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

9.40 வீட்டிலிருந்து கிளம்பினார்கள். 10.35 கோர்ட். அங்கே போன் அனுமதி இல்லை, அதனால் நீண்ட இடைவெளி. பன்னிரண்டு, ஒன்று, இரண்டு. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மூடி வைத்தேன். இடையில் வந்த மற்ற அழைப்புகளை எல்லாம் ஒழுங்காக எழுதியிருக்கிறேன், கையெழுத்துதான் என்னுடையது மாதிரி இல்லை.

4.05க்கு வண்டியிலிருந்து வயர்லெஸ்ஸில் சொன்னார்கள், கோர்ட்டை விட்டுக் கிளம்பிவிட்டோம் என்று. உள்ளே என்ன நடந்தது என்று அவர்களிடம் கேட்கக் கூடாது.

4.55க்கு வீட்டிலிருந்து அழைப்பு. போனை அவங்ககிட்ட கொடுங்க என்றேன்.

படியேறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை அவளுக்கு. பின்னால் யாரோ சாவியால் கதவைத் திறக்கிற சத்தம்.

"சொல்லிட்டேன்" என்றாள்.

நான் "சரிம்மா" என்றேன். அவளும் உடனே வைக்கவில்லை. அடுத்த அழைப்பு விட்டுவிட்டு அடிக்கத் தொடங்கியது.

ரிஜிஸ்டரில் எழுதினேன். மணி 16.55. இடம், வீடு. நிலை, பத்திரம். பேசியவர், சுமதி.