மின்சாரமில்லாத ஊரில் காந்தப் பாடம்

திருநெல்வேலி,
யாழ்ப்பாணம்.
16.02.1992

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் மாமியும் சுகம். உங்கள் சுகத்துக்கு முருகனை வேண்டுகிறேன். கொழும்புக்குப் போகும் லூர்த்தம்மா ரீச்சரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். எப்போது கிடைக்குமோ தெரியாது.

ஒரு புதினம் சொல்ல வேண்டும். நீங்கள் மேற்படிப்புக்குப் போகுமுன் பல்கலைக்கழகத்தில் தொடக்கிவைத்த ‘காந்தப் பொருள்களும் பயன்பாடுகளும்’ பாடத்தை நிறுத்தப் பார்த்தார்கள். “கரண்ட் இல்லை, செய்முறை இல்லை. என்னெண்டு நடத்திறது?” என்று கூட்டத்தில் கேட்டார்கள். படிப்பிக்கவும் ஆளில்லை. நான் எழும்பி, “நான் எடுக்கிறன்” என்று சொல்லிவிட்டேன். ஒளியியல் படிப்பிக்கிறவளுக்கு இதென்ன வேலை என்று சிலர் சிரித்தார்கள். ஆனால் அந்தப் பாடத்தை எடுத்த நாலு பிள்ளைகளும் ஏற்கெனவே யுத்தத்தால் பிந்திப்போனவர்கள். அதை நிறுத்தினால் அவர்களுக்கு இந்த வருடமும் பட்டமில்லை.

உங்கள் விரிவுரைக் குறிப்புகளை அனுப்பிவையுங்கள். கோபிக்க வேண்டாம், உங்கள் கடிதங்களில் வீசாக் கதையைத் தவிர வேறொன்றும் இல்லை. என்ன படிப்பிக்கிறீர் என்று ஒரு தரமாவது கேட்கக்கூடாதா?

உங்கள்
குணலட்சுமி


ஷெஃபீல்ட்,
09.05.1992

அன்பின் குணத்துக்கு,

உமது கடிதம் நேற்றுத்தான் வந்தது. வீசா கிடைத்துவிட்டது. செப்டெம்பர் முடியுமுன் நீர் இங்கே வந்து இறங்க வேண்டும். பிந்தினால் திரும்பக் கிடைக்குமென்று நம்ப முடியாது.

பாடத்தை விட்டுவிடும். இரும்பைக் காந்தமாக்கி, திருப்பி இறக்கி, மறுபக்கம் ஏற்றி, அந்தத் தயக்க வளையத்தைத் தன் கையால் வரைபுத்தாளில் வரையாதவன் காந்தம் படித்தவனல்ல. அதற்கு மின்சாரம் வேண்டும். கரும்பலகையில் கீறிக் காட்டுவது பாடமாகாது. என் பிள்ளை போல வளர்த்த பாடம் அது. அதையே நான் கைவிடச் சொல்கிறேன் என்றால் என் மனநிலையை யோசித்துப் பாரும்.

குறிப்புகளை அனுப்பவில்லை. அனுப்பினால் நீர் அங்கேயே நின்றுவிடுவீர் என்று பயம். வானொலியில் யாழ்ப்பாணத்தில் குண்டு என்று சொன்னால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

உமது வரவை எதிர்பார்க்கும்
சோமசேகரம்


திருநெல்வேலி,
12.07.1992

அன்புள்ள அத்தானுக்கு,

வளையம் மூடிவிட்டது!

இதைத்தான் முதலில் எழுத வேண்டும் போலிருந்தது. சாவகச்சேரியில் றேடியோ திருத்தும் அடைக்கலநாதன் அண்ணை பழுதான ஒலிபெருக்கிகளை ஒரு சாக்கு நிறையத் தந்தார். காந்தங்களை அவற்றிலிருந்து கழற்றினோம். செப்புக் கம்பியைச் சுற்றி வரிச்சுருள் செய்தோம். பழைய கார் பற்றறியைச் சைக்கிள் டைனமோவால் ஏற்றினோம். என் நாலு பிள்ளைகளில் பஞ்சலிங்கம் மிதித்து மிதித்து மெலிந்தே போனான். இரும்புக் கோலை வரிச்சுருளுக்குள் வைத்து, மின்னோட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, பக்கத்தில் வைத்த திசைகாட்டி எவ்வளவு திரும்புகிறது என்று மக்டலீன் வாசித்தாள். மற்ற இருவரும் வரைபுத்தாளில் புள்ளி வைத்தார்கள்.

முதல் மூன்று முறையும் கோடு எங்கோ போய் நின்றது. பிறகுதான் ஜன்னல் கம்பி திசைகாட்டியை இழுக்கிறது என்று கண்டுபிடித்து, மேசையை மாமரத்துக்குக் கீழே தூக்கிப் போனோம். அங்கே கடைசிப் புள்ளி முதற்புள்ளியில் வந்து விழுந்தது. மக்டலீன், “மிஸ், வந்திட்டுது! மிஸ், வந்திட்டுது!” என்று குதித்தாள். நானும் குதித்தேன். மாமியிடம் சொல்லிவிடாதீர்கள்.

வரைபை இத்துடன் வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு, இது பாடமா இல்லையா என்று எழுதுங்கள். பிள்ளைகளின் இறுதிச் சோதனை ஓகஸ்டில். அது முடிய வருவேன்.

உங்கள்
குணம்


திருநெல்வேலி,
04.10.1992

அன்புள்ள அத்தானுக்கு,

செப்டெம்பர் போய்விட்டது. நான் வரவில்லை. ஏன் என்று முழுவதும் சொல்கிறேன்.

சோதனை முடிந்து, நான் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். பயண அனுமதியும் எடுத்தாயிற்று. அன்றைக்குப் பஞ்சலிங்கம் ஓடி வந்தான். அடைக்கலநாதன் அண்ணை உளியால் இரும்பு வெட்டும்போது ஒரு துணுக்குத் தெறித்து அவருடைய வலக்கண்ணுக்குள் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் அதை இழுத்தெடுக்கும் மின்காந்தம் இருக்கிறது. ஆனால் அதை ஓட்டும் அளவுக்கு ஜெனரேற்றருக்கு எண்ணெய் இல்லை. கொழும்புக்கு அனுப்பலாமென்றால் அந்தக் கிழமை முழுக்கச் சண்டையால் பாதை பூட்டு. “உள்ளை கிடந்தால் கண் பழுதாப் போகும்” என்றார் கண் டொக்டர்.

மக்டலீன் கேட்டாள்: “மிஸ், எங்களிட்டைக் காந்தம் கிடக்குத்தானே?”

எனக்குப் பயம். கண் அல்லவா? ஆனாலும் டொக்டரிடம் போனோம். அவர் எங்களைத் துரத்தவில்லை. “முதல் ஆட்டுக் கண்ணிலை காட்டுங்கோ” என்றார். இறைச்சிக் கடையில் ஆட்டுக் கண்கள் வாங்கி, இரும்புத் துணுக்கை உள்ளே வைத்து, எங்கள் காந்தத்தைக் கொண்டு போனால் ஒன்றும் அசையவில்லை. சைவக்காரப் பஞ்சலிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான், துணுக்கு வராததற்கா ஆட்டுக்கா தெரியாது. வகுப்பில் நானே சொன்னதை மக்டலீன் எனக்கு நினைவூட்டினாள்: நுனியை ஒடுக்கினால் காந்தப் புலம் அங்கே செறியும். மெல்லிரும்பைக் கூம்பாக அராவி, பழைய றேடியோக் காந்தங்களோடு பொருத்தினோம். ஆட்டுக் கண்ணிலிருந்து துணுக்குப் பாய்ந்து வந்து காந்தத்தில் ‘டிக்’ என்று ஒட்டியது. டொக்டர் தன் கையால் திரும்பத் திரும்பச் செய்து பார்த்துவிட்டு, “நாளைக்குக் காலமை” என்றார்.

நாங்கள் ஐந்து பேரும் வெளி விறாந்தையில் நின்றோம். உள்ளேயிருந்து ‘டிக்’ என்று ஒரு சத்தம். பிறகு டொக்டரின் சிரிப்பு.

கட்டு அவிழ்த்தபோது அண்ணை இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு மக்டலீனைப் பார்த்து, “பிள்ளை சிவப்புச் சட்டையோ?” என்று கேட்டார். சிவப்புத்தான்.

அவர் தேறும்வரை நின்றேன். பிறகும் போக மனம் வரவில்லை. நாலு பிள்ளைகளும் சோதனையில் சித்தி. பாடம் தொடர்ந்து நடக்கும் என்று விஞ்ஞான பீடம் எழுத்தில் தந்துவிட்டது. புதிதாகப் பதினொரு பேர் பதிந்திருக்கிறார்கள். வீசாவை விட்டதற்கு நீங்கள் என்னோடு கோபித்தால் அது நியாயம். நான் அழுதேன். ஆனால் எடுத்த முடிவு பிழையென்று தோன்றவில்லை.

உங்கள்
குணலட்சுமி


ஷெஃபீல்ட்,
17.01.1993

அன்பின் குணத்துக்கு,

உமது கடிதத்தைத் தெருவில் நின்றே வாசித்தேன். பனி பெய்ததும் தெரியவில்லை.

கோபம் இருந்தது. வளையத்தை வரைந்த தாளைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். முழுப் பாடம் அது, குணம். பாடத்தின் தலைப்பில் ‘பயன்பாடுகள்’ என்று நான் எழுதியபோது மோட்டரும் ஒலிநாடாவும்தான் என் மனதில் இருந்தன. ஒரு மனிதனின் கண் இருக்கவில்லை. அதை நீரும் அந்தப் பிள்ளைகளும் சேர்த்திருக்கிறீர்கள்.

ஆய்வேட்டை மார்ச்சில் ஒப்படைக்கிறேன். இங்கே இரண்டு வருட வேலையொன்று தருவதாகச் சொன்னார்கள். வேண்டாமென்றேன். குறிப்புகளைத் தபாலில் அனுப்பப் போவதில்லை, கையோடு கொண்டுவருகிறேன். பாடத்தை நீரே நடத்தும். வகுப்பில் நான் எந்தப் பக்கம் நிற்க வேண்டுமென்று நீர் சொன்னால் போதும்.

அம்மாவுக்கு இப்போது சொல்ல வேண்டாம், நாள் எண்ணத் தொடங்கிவிடுவா. உமக்கு மட்டும் சொல்கிறேன்.

வாறன்.

உமது
சோமசேகரம்