கதவின் உள்பக்கம் ஒட்டிய ஆறு வாரம்

என் அம்மாவுக்கு,

ஆவணி ஒன்பது, செவ்வாய், காலை ஆறு பத்து. நாற்பத்திரண்டு கட்டங்கள், இருபத்துமூன்று டிக். உன் சிறுநீர்க் கசிவு ஆப்பரேஷனுக்குப் பிறகு சமையலறைக் கதவின் உள்பக்கம் நான் ஒட்டிய அட்டவணை அப்படியே இருக்கிறது. நீ போய் ஐந்து மாதம் ஆகிறது.

ஆறு வாரம் குடம் தூக்கக் கூடாது, குந்தி உட்கார்ந்து மீன் அரியக் கூடாது, முக்கி வெளிக்குப் போகக் கூடாது. டாக்டர் சொன்னதை, நான் வேலை பார்க்கும் சேதராப்பட்டுக் கம்பெனியில் மெஷின் பராமரிப்புக்குப் போடுகிற மாதிரி நாளுக்கு ஒரு கட்டம் போட்டேன். டாக்டர் சொல்லாத ஒன்றையும் வாயால் சேர்த்தேன்: "யாருனா கேட்டா வயித்துவலின்னு சொல்லு. வெளிய தெரிஞ்சா அசிங்கம்."

இருபத்துநாலாம் நாள் பக்கத்து வீட்டுச் செல்வி சின்னம்மா மீன்கூடையோடு வாசலில் நின்று, "யக்கா, கொஞ்சம் தூக்கி வுடேன்" என்றார். கூடையைத் தலையில் ஏற்றக் கை கொடுக்க மறுத்தால் அன்றைய வியாபாரத்தை மறித்த மாதிரி. நீயும் அந்தக் கூடையைச் சுமந்தவள்தானே. தூக்கிவிட்டாய். மறுநாள் புடவை மறுபடி நனைந்தது.

"படிச்சிப் படிச்சி சொன்னேனே, அறிவு இருக்கா உனக்கு?" என்று கத்தினேன்.

"வெறும் வயித்துவலிக்காரி கூடையத் தூக்க மாட்டேன்னா அவ இன்னாடா நெனைப்பா?" என்று கேட்டாய்.

ஷிப்டுக்குப் போனேன். நான்கு நாள் உன்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் நெஞ்சுவலியில் போய்விட்டாய். ஆப்பரேஷனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார்கள். அந்த நான்கு நாளை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது, அம்மா?

நேற்று குழம்பு கொண்டுவந்த சின்னம்மா அட்டவணையைப் பார்த்து, "இது இன்னாபா?" என்றார். முதல்முறையாக உண்மையைச் சொன்னேன்.

"அய்யோ, அன்னிக்கி நானா தூக்க வச்சேன்? ஒரு வார்த்த சொல்லியிருந்தா கூடைய எறக்கி வச்சே வித்திருப்பேனே!"

குழம்புப் பாத்திரத்தைக் கீழே வைத்தார். பிறகு, "எனக்கும் ரெண்டு வருசமா அப்டித்தான்பா. இருமினாலே போவுது" என்றார்.

உன் வாயைப் பூட்டியவன் நான். அவர் வாயை யார் பூட்டியது?

இனிச் செய்யப்போவது:

1. வெள்ளிக்கிழமை லீவு. சின்னம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவேன்.
2. ஆப்பரேஷன் என்றால், ஆறு வாரமும் ஷிப்டுக்கு முன்னால் அவருக்குத் தண்ணீர் பிடித்து வைப்பேன்.
3. அட்டவணையைப் புதிதாகப் போட்டு, அவர் சம்மதித்தால், தெருக்கதவின் வெளிப்பக்கம் ஒட்டுவேன்.
4. கூடைக்குக் கை கேட்டு யார் நின்றாலும் நான் போவேன். நீ உட்கார்.

உன்னிடம் நான்கு நாள் பேசாத மகன்